டிரவுட் நிற்கும் இடம்

என் கணவருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. சோமனூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பதினாறு விசைத்தறிகள் சேர்ந்து ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரின் காதருகே போய்க் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதற்குள் முப்பது வருடம் நின்றவர் அவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பார். தறி ஒழுங்காக ஓடுகிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், பஞ்சை வைத்தால் எப்படித் தெரியும் என்பார். முதலில் ஃபோனில் பேசுவதை நிறுத்தினார். பிறகு கல்யாணங்காட்சிக்கு வருவதை நிறுத்தினார். ஐம்பத்தாறு வயதில் தறிகளைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பொழுது சாய வீட்டுக்கு வந்ததும், அடுப்படியில் வேலை செய்துகொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்வேன். அவர் முன்னறையில் இருந்து தலையாட்டுவார், நடுவே ஒரு "ம்" வரும். ஊரார் பேசுவது கேட்காவிட்டாலும் என் குரல் மட்டும் அவருக்குக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு விஷயம் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று ஃபோன் வந்த அன்று, ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. அம்மா பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. காதுதான் காரணம் என்று புத்திக்குத் தெரியும். மனது ஒத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் ஒரே மகளுக்கு ஊட்டியில் வங்கி வேலை. தீபாவளிக்குக் கம்பெனியில் பத்து நாள் லீவு விட்டார்கள். கம்பெனியில் வேலை செய்கிற வடக்கத்திப் பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிய அன்றே நாங்களும் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினோம். மகள் காலையில் வேலைக்குப் போனால் பொழுதோடுதான் வருவாள். புது ஊரில் நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா முழங்கால் வரை ஈரமான ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். நரைத்த முடியை வெட்டி விட்டிருந்தார். சுவரில் ஒரு நீளமான தூண்டில் கம்பு சாய்ந்திருந்தது. பக்கத்தில் வாளியில் இரண்டு மீன்கள். முதுகில் கறுப்பாகப் பொடிப் பொடியாகப் புள்ளி. பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை வெளிர் சிவப்பாக ஒரு பட்டை, நல்ல சாயப்பட்டறையில் முக்கி எடுத்த மாதிரி.

என் கணவர் எழுந்து போய் அந்த வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இதென்ன மீனுங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறிமுகம் இல்லாதவரிடம் அவராகப் போய்ப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கேள்வி கேட்டால் பதில் வரும், பதில் காதில் விழாது. அதனால் கேள்வியே கேட்க மாட்டார்.

"டிரவுட்டுங்க. வெள்ளைக்காரங்க காலத்துல கொண்டாந்து விட்டது," என்றார் அந்த அம்மா. கணவர் என்னைப் பார்க்க, நான் அதை அவருக்குக் கையாலும் வாயாலும் சொன்னேன். தறிக்குடோனில் யாரும் குரலை நம்புவதில்லை. இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தால் நூல் அறுந்துவிட்டது, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. கல்யாணமான புதிதில் ஆறு வருடம் நானும் தறி ஓட்டியவள். அந்தக் கைப்பேச்சு மறக்கவில்லை.

அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் பிடிக்கிற பைத்தியம் அவர் கணவருக்கு இருந்ததாம். அவர் போன பிறகு கம்பு சும்மா கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனவர், பிறகு விடவில்லை. நாங்கள் கேட்காமலேயே, "நாளன்னிக்குப் போறேன். வர்றீங்களா? வீட்டுல உக்காந்து என்ன செய்யப் போறீங்க," என்றார்.

மறுநாள் மீன்வளத்துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் ஜீப்பில் கிளம்பினோம். ஊட்டிக்கு மேற்கே, உருளைக்கிழங்குக் காடுகளைத் தாண்டி, சோலை மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. ஓடையின் பெயரை எழுத மாட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்வார்.

ஜீப்பை விட்டு இறங்கும்போது மணி ஒன்பதரை இருக்கும். புல் நுனியெல்லாம் பனி. விடியற்காலையிலேயே வந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"குளிர் நாளுல விடியக்காலைல வந்து பிரயோஜனம் இல்லைங்க," என்றார் டீச்சர். "தண்ணி ஐஸ் மாதிரி இருந்தா அது அசையாது. வெயில் பட்டுச் சித்தநேரம் ஆகட்டும், பூச்சி பறக்கட்டும். அப்பத்தான் அதுக்குப் பசிக்கும். கோடைல நேர்மாறு. உச்சி வெயில்ல எங்கயாவது ஆழத்துல நிழல்ல போய் ஒளிஞ்சுக்கும். விடியக்காலை, இல்லன்னா சாயங்காலம். மேகம் போட்டிருந்தா எந்நேரமும் சரி."

செக்கிங் ஆள் நான், எதையும் எழுதி வைப்பது பழக்கம். பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். மழை வெறித்த பிறகுதான் வர வேண்டும். செம்மண் கலந்து ஓடும்போது அதற்குக் கண் தெரியாது. தெளிந்து, கொஞ்சம் பால் குறைந்த டீ மாதிரி நிறம் இருந்தால் ரொம்ப நல்லது, அதற்கு இரை தெரியும், நாம் தெரிய மாட்டோம். முட்டையிடுகிற சமயத்தில் போகவே கூடாது. நிழலைத் தண்ணீரில் விழ விடக் கூடாது. நடக்கும்போது கல்லை உருட்டக் கூடாது, தரையின் அதிர்ச்சி அதன் உடம்புக்குத் தெரியும். பேசினால் அவ்வளவாகத் தெரியாது.

இதில் கடைசி வரியைச் சொன்னபோது என் கணவர் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கையால் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினார்.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் வீசிய தூண்டில் நாலு தடவை புதரில் மாட்டியது, ஒரு தடவை டீச்சரின் தொப்பியில். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி ஈயைப்போலச் செய்த பொய் இரை அது. காற்றில் மிதந்துபோய்த் தண்ணீர்மேல் பூவாக உட்கார வேண்டும். அவருக்கு அது கல் விழுந்த மாதிரி விழுந்தது.

இரண்டாவது தடவை போனபோது அவர் கம்பைத் தொடவே இல்லை. ஒரு பாறைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அவருக்கு உடம்பு ஏதாச்சும்?" என்று என்னிடம் கேட்டார். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

அவர் விரலை நீட்டினார். "அங்க பாரு புள்ள. அந்த வெள்ளைக் கல்லு இருக்குதல்லோ, அதுக்கு அக்கட்டால. வேகமா வர்ற தண்ணியும் மெதுவா வர்ற தண்ணியும் ஒட்டற எடம். தையல் மாதிரி ஒரு கோடு தெரியுது பாரு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது."

எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "ஆமாங்க, நிக்குது," என்றார். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, வாலை மட்டும் லேசாக அசைத்தபடி, மேலிருந்து வருகிற இரைக்காக ஒரே இடத்தில் காத்து நின்றது. ஆயிரக்கணக்கான பாவு நூலில் அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அவருக்கு. அன்றைக்கு அவர் காட்டிய ஐந்து இடங்களில் நாலில் மீன் இருந்தது. டீச்சர் இரண்டு பிடித்தார். ஒன்று ஒன்றரைச் சாணுக்குக் குறைவு என்று திரும்ப விட்டுவிட்டார்.

திரும்பும்போது ஜீப்பில் டீச்சர் என்னிடம் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் கிட்ட நான்தான் கத்துக்கணும்போல இருக்கு." அதை நான் கையால் சொன்னேன். அவர் வெளியே திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

மூன்றாவது தடவை போனது லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது. வானம் மூட்டமாக இருந்தது, தண்ணீர் நல்ல நிறத்தில் இருந்தது. டீச்சர் கீழ்ப்பக்கம் பெரிய மடுவுக்குப் போய்விட்டார். நாங்கள் மேலே போனோம். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால் நாம் பின்னாலிருந்து, கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும். அவர் முன்னால் போனார். நான் முப்பது அடி பின்னால், டீ ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பாசி படிந்த ஒரு பாறையில் கால் வைத்தேன். அடுத்த நொடி தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தேன். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே முறுக்கிக்கொண்டது. எழ முயன்றேன், உயிர் போகிற வலி. எப்படியோ தவழ்ந்து கரைப் புல்லுக்கு ஏறிவிட்டேன், அதற்குமேல் முடியவில்லை.

"ஏனுங்க," என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். "மாமா, இங்க பாருங்க." அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முப்பது அடிதான். ஓடை அப்படியொன்றும் பெரிய இரைச்சல் போடவில்லை. அவர் முழங்கால் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டியபடி கம்பை வீசிக்கொண்டிருந்தார்.

என் குரல் அவருக்குக் கேட்காது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வருடம் அடுப்படியில் இருந்து பேசியதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன். குளிரா அழுகையா தெரியவில்லை, பல் அடித்துக்கொண்டது.

மறுபடி கூப்பிட வாயைத் திறந்தபோது அவர் பேசுவது கேட்டது. தறிக்குடோனில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் தனக்குத்தானே பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். அவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்காததால், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல் உரக்கவே பேசிக்கொண்டிருந்தார்.

"வா சாமி, வா. கம்முனு ஒரே எடத்துல நின்னுட்டு இருக்கறயே. உனக்குப் பசிக்கலையா," என்றார். தூண்டிலை இழுத்து மறுபடி வீசினார். "என்ற ஊட்டுக்காரிதான் பின்னால வர்றா. பாவம், அவளுக்கு இதுல என்ன இருக்குது. எனக்கோசரம் வர்றா."

கம்பைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு மறுபடியும் பேச்சு.

"அவ பேசறது நாலுல ஒண்ணுதான் காதுல உளுகுது. மத்த மூணுக்கும் சும்மா தலையாட்டிப் போடறேன். அவங்கம்மாளுக்கு முடியலைன்னு வந்து சொல்லியிருக்கறா. நான் சிரிச்சுட்டு நிக்கறேன். மவளப் பத்தி என்னமோ சொல்றாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சுட்டேன். கேக்கலைன்னு சொல்லிப் போடோணும். சொல்லோணும்னுதான் தெனமும் நெனைக்கறேன். சொல்லீட்டா, அப்பறம் எங்கிட்டப் பேசறதையே உட்டுப் போடுவாளோன்னு இருக்குது. பேசறபோது அவ மூஞ்சி நொம்ப நல்லா இருக்கும்."

நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். கால் வீங்கிக்கொண்டே வந்தது. இடுப்புக்குக் கீழே நனைந்த சேலை ஒட்டிக்கொண்டு நடுக்கியது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு அசைய மனம் வரவில்லை. அவர் வேறு என்னவெல்லாமோ பேசினார். தறிகளை விட்டு வந்த நாளில் இருந்து கைக்கு வேலை இல்லாமல் இருப்பது, தம்பி மகன் தறிக்கு எண்ணெய் போடாமல் ஓட்டுவது, காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது முழங்கால் வலியோடு ஓடுவதைப் பார்ப்பது. தறியை விட்டு வந்த எட்டு வருடத்தில் என்னிடம் சொல்லாததை ஒரு மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று பேச்சு நின்றது. கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஒரு தடவை தண்ணீருக்கு மேல் முழுசாக எழும்பி விழுந்தது. அவர் பதறவில்லை. நூலை விட்டார், இழுத்தார், விட்டார். நூல் அறுகிற பதம் அவர் விரலுக்குத் தெரியாதா. ஐந்து நிமிடம் இருக்கும், வலைக்குள் வாங்கிவிட்டார். அப்போது அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முகம் அப்படி இருந்தது.

அதுவரை காத்திருந்துவிட்டு ஒரு கல்லை எடுத்து அவர் பக்கத்தில் தண்ணீரில் விழும்படி எறிந்தேன். திரும்பினார். நான் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் கம்பையும் வலையையும் அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே ஓடிவந்தார். வலையில் இருந்த மீன் ஒரு துள்ளலில் வெளியே போய்விட்டது. அதைச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"போனாப் போகுது, உடு," என்றார். என் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்து விரல்களால் எலும்பைத் தடவிப் பார்த்தார். "எத்தன நேரமா இப்படிக் கெடக்கறே?"

கையால் சொன்னேன், அரை மணி நேரம்.

"கூப்பிட்டயா?"

தலையாட்டினேன். தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அவர் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோய், வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"நீங்க பேசுனது எல்லாங் கேட்டுதுங்க."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புல்லைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார்.

"எல்லாமா?"

"எங்கம்மா விஷயம், தலையாட்டறது, எல்லாந்தானுங்க."

"தப்புத்தான் கண்ணு," என்றார். என் காலைத் தடவிக்கொண்டே, "அன்னைக்கு உன்ற மூஞ்சியப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறே எறங்கலை," என்றார். நான் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். இரண்டு வருடமாகத் தைத்திருந்தது அங்கே அந்த ஈரப் புல்லில்தான் வெளியே வந்தது. அழுதேன். அவரும் அழுதார். யாரும் இல்லாத இடம் என்பதால் கூச்சமாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் எங்களைத் தேடிக்கொண்டு மேலே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, காலைப் பற்றி மட்டும் கேட்டார். துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிக் கட்டினார். ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி ஜீப்புக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். லீவுக்குமேல் ஒரு வாரம் சேர்த்து மகள் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். அந்த ஒரு வாரமும் அவர்தான் சமைத்தார். உப்பு ஒரு நாள்கூடச் சரியாக இல்லை.

கோயமுத்தூரில் காது டாக்டரைப் பார்த்தோம். இந்தத் தடவை நான் வற்புறுத்தவில்லை, அவராகவே கிளம்பினார். போன கேட்கும் திறன் திரும்பாது, மெஷின் வைத்தால் பாதி பலன் இருக்கும் என்றார் டாக்டர். வைத்துக்கொண்டார். முதல் நாள் மிக்ஸி சத்தத்தில் பயந்து எழுந்து நின்றுவிட்டார். கூட்டத்தில் அது அவ்வளவாக உதவுவதில்லை, எல்லாச் சத்தமும் ஒட்டுக்காக வந்து மோதுகிறதாம். வீட்டுக்குள் பரவாயில்லை.

மெஷினைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இப்போதெல்லாம் அவர் "கேக்கலை, மறுக்காச் சொல்லு," என்கிறார். ஒரே விஷயத்துக்கு மூன்று தடவைகூடக் கேட்பார். சில நாள் கம்பெனியில் இருந்து களைத்து வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போய், நேரே உட்கார்ந்து சொல்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். அப்படிப் பார்க்கும்போது சொல்லவந்தது எனக்கே பாதி மறந்துபோகிறது.

ஊட்டிக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறோம். மகளுக்கு நாங்கள் அவளைப் பார்க்க வருகிறோமா மீனைப் பார்க்க வருகிறோமா என்று சந்தேகம். அவர் இப்போது நன்றாகவே வீசுகிறார். ஓடைக்குள் இறங்கும்போது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார், நனைந்துவிடும் என்று. நானும் போன மாசி மாதம் ஒன்று பிடித்தேன். வளைந்த வேர் ஒன்றுக்கு அடியில் நின்றது. இடத்தைக் காட்டியது அவர்தான், ஆனால் வீசியது நான். சரியாக ஒன்றரைச் சாண் இருந்தது. வைத்துக்கொள்ளலாமா விடலாமா என்று டீச்சரும் அவரும் ரொம்ப நேரம் அளந்து பார்த்தார்கள். கடைசியில் மஞ்சளும் மிளகும் மட்டும் தடவி, டீச்சர் வீட்டுச் சட்டியில் பொரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். முள் குறைவு, சதை லேசான சிவப்பு, வெண்ணெய்போல் கரைந்தது.

முந்தாநாள் டீச்சர் ஃபோன் செய்தார். மேலே பதினைந்து நாளாகக் கொட்டிய மழை நின்றுவிட்டதாம், தண்ணீர் தெளிய ஆரம்பித்துவிட்டதாம், இன்னும் மூன்று நாளில் சரியாக இருக்கும் என்றார். ஃபோனைக் கணவரிடம் கொடுத்தேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "எந்தப் பக்கங்க டீச்சர், மேல் ஓடையா?" என்று கேட்டார். ஏதோ பதில் வந்தது. "கேக்கலீங்க, மறுக்காச் சொல்லுங்க," என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.